ஆட்டத்தைப் பார்த்தவர் யார்?

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள். அஸர் தொழுகை முடிந்து வந்த நாங்கள் நால்வர், திருவரங்குளத்தில் என் சகோதரியின் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அப்பொழுது பத்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த அவளுடைய மகள், கைப்பேசியை ஒரு செம்பின்மீது சாய்த்து வைத்து, நேபாளத் தலைநகர் காத்மாண்டுவின் தசரத் அரங்கில் நடந்த ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்காசிய மகளிர் கால்பந்தாட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. ஒருபுறம் நேபாளம், மறுபுறம் வங்காளதேசம்.

நாங்களும் எட்டிப் பார்த்தோம். பார்த்தவுடன் ஆளுக்கொரு வினா எழுந்தது. "இந்தப் பிள்ளைகளெல்லாம் முஸ்லிம் பிள்ளைகளா?" என்றார் அவளுடைய அத்தா. "தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லையே!" என்றார் அவருடைய மூத்த சகோதரி. "ஜெயித்தால் எவ்வளவு கொடுப்பார்கள்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு இளைஞர். "இதில் இந்தியா எங்கே காணோம்?" என்று கேட்டவன் நான். அந்தப் பெண் என் வினாவுக்கு மட்டும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விடை சொன்னாள்: "அரையிறுதியில் நேபாளத்திடம் தோற்றுவிட்டார்கள், மாமா."

நால்வர் கேட்ட நான்கு வினாக்களில் ஒன்றேனும் ஆட்டத்தைப் பற்றியதாக இல்லை என்பது, அன்றிரவு படுக்கைக்குச் சென்ற பின்னரே எனக்கு உறைத்தது. மதம், உடை, பணம், நாடு ஆகிய நான்கையும் விசாரித்தோம். பந்து யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்று மட்டும் கேட்கவில்லை. இது எங்கள் திண்ணையின் குறை மட்டுமன்று. பெண்கள் ஆடும் கால்பந்தாட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றையும், திரையில் காட்டப்படுவனவற்றையும், நம் சமுதாயத்தில் பேசப்படுவனவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் இக்குறையே நிலவுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போட்டி நடந்து வந்த வழி

முதலில் போட்டியைப் பற்றிச் சில சொற்கள். தெற்காசிய நாடுகளின் மகளிர் அணிகளுக்கான இப்போட்டி முதன்முதலில் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் நடைபெற்றது. அடுத்து 2012இல் கொழும்பு, 2014இல் இஸ்லாமாபாத், 2016ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிந்த நான்காவது போட்டிக்குச் சிலிகுரி, 2019இல் நேபாளத்தின் பிராட்நகர். இந்த ஐந்து போட்டிகளிலும் வென்றது இந்தியாவே. 2014 நவம்பரில் இந்திய மகளிர் இஸ்லாமாபாத் சென்று, அங்கே இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை ஆறு கோல்களால் வென்று கோப்பையுடன் திரும்பினர். இரு நாடுகளின் ஆண்கள் எதிரெதிரே மட்டை பிடித்தால் ஊரே அடங்கிப்போகும் நம் நாட்டில், இந்நிகழ்ச்சி நடந்ததை அறிந்தவர் எத்தனை பேர்?

சிலிகுரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் வங்காளதேசத்தை இந்தியா 3–1 என்னும் கணக்கில் வென்றபோது, மூன்றாவது கோலை அடித்தவர் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணி ஏற்றவர் அவர். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் போட்டியின் இறுதி ஆட்டத்தில், பல்லாண்டுகளாக அசைக்க முடியாதிருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என வீழ்த்தியது. அடுத்த ஆண்டு மதுரையின் சேது கழகம் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பையைப் பெற்றது. இவையனைத்தும் நம் கண்முன்னே, நம் மாநிலத்துப் பெண்களால் நிகழ்த்தப்பட்டவை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1980ஆம் ஆண்டு ஜனவரியில் ஆசிய மகளிர் போட்டியே நம் அண்டையில், கோழிக்கோட்டில் நடந்தது. மாப்பிள்ளைச் சகோதரர்கள் எழுவர் ஆட்டத்துக்காக அறுவடை முடிந்த வயல்களையெல்லாம் மைதானமாக்கும் மலபார் மண் அது. அப்போட்டியில் இந்தியா இரண்டு அணிகளைக் களமிறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதிவரை சென்று தைவானிடம் 2–0 எனத் தோற்றது. 1983இல் பாங்காக்கில் நடந்த போட்டியிலும் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. ஆகவே, பெண்கள் பந்துதைப்பது நேற்று முளைத்த புதுமை என்று கூறுவோர் நாற்பது ஆண்டு வரலாற்றை அறியாதவர்களே.

இனி 2022ஆம் ஆண்டின் போட்டி. லீக் சுற்றில் இந்தியாவை 3–0 என வென்ற வங்காளதேசம், அரையிறுதியில் பூட்டானுக்கு எட்டுக் கோல்கள் அடித்தது. இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை அதன் சொந்த மண்ணிலேயே 3–1 என வென்றது. ஷம்சுன்னாஹர் ஒன்றும், கிருஷ்ணா ராணி சர்க்கார் இரண்டுமாகக் கோல்கள் அடித்தனர். ஐந்து ஆட்டங்களில் 23 கோல்கள் அடித்த அவ்வணி வாங்கியது ஒரே ஒரு கோல். அணித்தலைவி சபீனா காத்தூன் மட்டும் எட்டுக் கோல்கள் அடித்திருந்தார். 2024 அக்டோபரில் அதே அரங்கில் அதே நேபாளத்தை 2–1 என வென்று, கோப்பையை அவர்கள் தக்கவைத்துக்கொண்டனர். நேபாளமோ ஏழு போட்டிகளில் ஆறு முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து, ஆறு முறையும் வெறுங்கையுடன் திரும்பிய அணி. அந்தத் துயரத்தை எழுத ஒரு தமிழ்ப் பேனாவும் முன்வரவில்லை.

செய்தித்தாள் சொன்ன கதை

வங்காளதேசப் பெண்கள் வென்ற மறுநாளிலிருந்து வெளிவந்த செய்திகளுள் மிகுதியும் அவர்களுடைய வறுமையைப் பற்றியவை. கோல் காத்த ரூப்னா சக்மா, அப்போட்டியின் சிறந்த கோல்காப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மலைநாடான ரங்காமாட்டியில் இருந்த அவருடைய சிறு குடிலின் படம் ஊரெங்கும் பரவியது. அதைக் கண்டு அவருக்கு வீடு கட்டித் தருமாறு அந்நாட்டுப் பிரதமர் ஆணையிட்டார். நல்ல செயல்தான், வரவேற்கிறோம். ஆயினும் ஐந்து ஆட்டங்களில் ஒரே ஒரு முறை மட்டும் பந்தை உள்ளே விட்ட அந்தப் பெண் எங்ஙனம் நின்றார், எங்ஙனம் பாய்ந்தார் என்று எழுதிய பத்திகள் எத்தனை? குடிலைப் பார்த்த கண்கள் கோல் கம்பங்களைப் பார்க்கவில்லை.

வறுமையை எழுதக் கூடாது என்று நான் கூறவில்லை. அது உண்மை, அதனை மறைப்பதுதான் பிழை. ஆனால் ஓர் எழுத்தாளரைப் பற்றி எழுதும்போது அவர் பட்டினி கிடந்ததை மட்டும் எழுதிவிட்டு, அவருடைய நூலைத் திறக்காமலே கட்டுரையை முடிப்போமா? முடித்தால் அதனைத் திறனாய்வு என்று எவரேனும் ஒப்புவரா? பெண்களின் ஆட்டத்துக்கு மட்டும் இவ்வழக்கம் செல்லுபடியாகின்றது. "சாதனை மங்கை", "சிங்கப் பெண்" என்னும் அடைமொழிகளைச் சூட்டிய பின்னர், எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை என்று பேனாவை மூடிவிடுகின்றோம். புகழ்ச்சி மிகுந்து கவனம் குறைந்த எழுத்து அது.

வெற்றிக்குப் பின் டாக்காவில் நிகழ்ந்த ஒரு காட்சி இதனை மேலும் விளக்கும். வீராங்கனைகள் மேற்கூரை திறந்த பேருந்தில் ஊர்வலமாக வந்தனர். சாலையின் இருமருங்கிலும் மக்கள் வெள்ளம். ஊர்வலம் முடிந்து செய்தியாளர் கூட்டம் தொடங்கியபோது, நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்கள் அமைச்சரும் அதிகாரிகளும். அணித்தலைவி சபீனாவும் பயிற்சியாளரும் அவர்களுக்குப் பின்னே நின்றுகொண்டிருந்தனர். அப்படத்தைக் கண்டு அந்நாட்டு மக்களே கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டு, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆட மியான்மர் செல்வதற்கு அவ்வணியை அனுப்பப் பணமில்லை என்று கூறிவிட்டார்கள். மாலைக்குப் பணம் இருந்தது. பயணத்துக்குப் பணம் இல்லாமற்போயிற்று.

திரைப்படம் சொன்ன கதை

தமிழில் மகளிர் கால்பந்தாட்டம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த "பிகில்" திரைப்படம். அட்லீ இயக்கி, விஜய் நடித்தது. தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியக் கோப்பைக்குப் போராடுவது கதை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதனைப் பன்முறை பார்த்திருக்கின்றனர். அவர்களுள் என் சகோதரி மகளும் ஒருத்தி. ஆகவே அதனைப் புறக்கணித்துவிட்டு இப்பொருளைப் பேசவியலாது.

படத்தின் நன்மையை முதலில் கூறிவிடுவோம். மணமான பெண் மீண்டும் மைதானத்துக்கு வரலாம் என்றும், அமில வீச்சினால் முகம் சிதைந்த பெண்ணுக்கும் களத்தில் இடமுண்டு என்றும் கோடிக்கணக்கானோர் காணும் திரையில் சொன்னது சிறிய செயலன்று. பெண்ணின் ஆட்டத்தைக் கேலிப் பொருளாக்கிய பழைய படங்களைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் கதையின் அச்சாணி எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். தந்தையின் கனவு, நண்பனின் காயம், நாயகனின் பழைய கணக்கு ஆகிய மூன்றையும் தீர்ப்பதற்கு இந்தப் பெண்கள் ஆட வேண்டியிருக்கின்றது. மணமான பெண்ணின் புகுந்த வீட்டாரிடம் வாதாடி வெல்பவர் நாயகன்; அப்பெண் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றாள். அவளுக்காக அவளே பேசும் ஒரு காட்சியை எழுதியிருந்தால் படம் எவ்வளவு உயர்ந்திருக்கும்! இறுதி ஆட்டத்திலோ, உடல் பருத்த ஒரு பெண்ணுக்கு வீறு ஊட்டுவதற்காக அவளுடைய உடலையே பலர் முன்னிலையில் இழித்துப் பேசுகிறார் பயிற்சியாளர். அவமானம் பொறுக்காமல் அவள் கோல் அடிக்கின்றாள், அரங்கம் ஆர்ப்பரிக்கின்றது. பயிற்சி என்பது இதுவா? ஆண்டுக்கணக்கில் பழகிய கால், தோழி எங்கே நிற்கின்றாள் என்றறிந்த கண், இறுதி நிமிடம்வரை தாங்கிய மூச்சு ஆகியவை கோலை அடிக்கின்றன. வசைச்சொல் அடிப்பதில்லை. வசை கேட்டுக் கேட்டு மைதானத்தை விட்டு விலகிய பெண்களை நான் அறிவேன். வசை கேட்டு ஆட்டக்காரியான ஒருத்தியை இதுவரை கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் வெளிவருவதற்கு ஏறத்தாழ இருபது மாதங்களுக்கு முன்னரே கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் உண்மையாகவே தேசியக் கோப்பையை வென்றிருந்தனர். கற்பனை வெற்றிக்குத் திரையரங்கில் கண்ணீர் விட்டவர்களுள் பலர், மெய்யான வெற்றி நடந்ததையே அறியார். இதில் படம் எடுத்தவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பார்த்தவர்களாகிய நமக்கும் அதில் பங்குண்டு.

நாம் சொல்லும் கதை

செய்தித்தாளையும் திரைப்படத்தையும் குறை கூறிய பேனா, சொந்த வீட்டு வாசலில் நின்றுவிடக் கூடாது. நம் சமுதாயத்தில் இப்பொருள் பேசப்படும்போது நடப்பதென்ன? உடை என்னும் ஒற்றை வினாவுடன் பேச்சுத் தொடங்கி, அதே வினாவுடன் முடிந்துவிடுகின்றது.

உடையைப் பற்றிய அக்கறையை நான் எள்ளி நகையாடவில்லை. நாணத்தைப் பேணுவது நம் மார்க்கத்தின் கட்டளை. அதனை உண்மையாகவே பேண விரும்பிய பெண்களுக்கு உலகக் கால்பந்தாட்ட அமைப்பு ஒரு காலத்தில் அநீதி இழைத்தது என்பதும் மெய். 2007இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, தலைத்துணியுடன் ஆடக் கூடாதென்று களத்திலிருந்து வெளியேற்றப்பட்டாள். அதனையொட்டி விதிகளை வகுக்கும் குழு அத்தடையை உறுதிசெய்தது. 2011 ஜூனில் ஜோர்டானின் அம்மான் நகரில், ஒலிம்பிக் தகுதி ஆட்டத்துக்காகக் களத்துக்கு வந்துவிட்ட ஈரானியப் பெண்கள், தலையை மறைத்திருந்த காரணத்தால் ஆடவே அனுமதிக்கப்படவில்லை. எதிரணிக்கு 3–0 என வெற்றி அளிக்கப்பட்டது. அப்பெண்கள் மைதானத்தில் அழுதுகொண்டு நின்ற படத்தைப் பார்த்து நம்மில் பலர் வெகுண்டோம். வெகுண்டது நியாயமே.

ஆனால் அதன் பின் நடந்ததையும் நினைவில் வைக்க வேண்டாமா? ஜோர்டான் இளவரசர் அலீ பின் ஹுஸைன் முன்னின்று வாதாட, 2012இல் அத்தடை சோதனை முறையில் தளர்த்தப்பட்டது. 2014 மார்ச்சில் முற்றிலும் நீக்கப்பட்டது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா தலைத்துணி அணிந்தே உலகக் கோப்பையில் ஆடினார். அப்போட்டிகளில் அங்ஙனம் ஆடிய முதற்பெண் அவரே. அன்று அவருடைய அணி தென்கொரியாவை 1–0 என வென்றது. பிரான்சு நாட்டில் உள்நாட்டு ஆட்டங்களுக்கு அத்தடை நீடிப்பதையும், அதனை அந்நாட்டு உயர் நிர்வாக மன்றம் 2023இல் சரியென்று கூறியதையும் நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆயினும் தெற்காசியாவில் இத்தடை நீங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 'அவர்கள் விடமாட்டார்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த நாம், அவர்கள் விட்ட பிறகு என்ன செய்தோம்? வெளியிலிருந்த தடை நீங்கியபோது, வீட்டுக்குள் இருந்த தடை வெளிப்பட்டது. அவ்வளவே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னை முந்தியதும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் முந்தி, 'அதற்கு இது ஈடு' என்று மகிழ்வுடன் கூறியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. மேடைகளில் நம் ஆலிம்கள் இதனைச் சொல்ல, புன்னகையுடன் கேட்டிருக்கின்றோம். இல்லறத்தின் இனிமைக்குச் சான்றாகவே இதனை எடுத்துரைப்பது வழக்கம். ஒரு பெண் ஓடினாள், வென்றாள், அவ்வெற்றி நினைவில் வைத்துப் போற்றப்பட்டது என்னும் பகுதியை எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தோம்? தனிமையில் நடந்த அந்தப் பந்தயத்தையும் பல்லாயிரவர் காணும் அரங்கத்தையும் ஒன்றாக்கலாகாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நேர்மையானது. அதனை ஏற்றாலும்கூட, பெண்கள் மட்டும் கூடி ஆடும் ஒரு மைதானத்துக்கு எந்த ஊரில் ஏற்பாடு செய்தோம் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

காலம் எங்ஙனம் நகர்ந்திருக்கின்றது என்பதற்கு ஜித்தா நகரே சான்று. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகச் சென்றிருக்கும் அந்நகரில், 2018 ஜனவரியில்தான் பெண்கள் முதன்முதலாக அரங்கினுள் அமர்ந்து கால்பந்தாட்டம் காண அனுமதிக்கப்பட்டனர். ஆறே ஆண்டுகளில், 2024 பிப்ரவரியில், மேற்காசிய மகளிர் போட்டி அதே ஜித்தாவில் நடந்தது. ஜோர்டான் கோப்பையை வென்றது. அரபு நாட்டு வழக்கங்கள் அனைத்தும் நமக்குச் சட்டமாகிவிடா. அங்குப் பிற குறைகள் இல்லாமலும் இல்லை. எனினும் 'அங்கே பாருங்கள்' என்று நம் பெண்களைத் தடுக்க இத்தனை காலம் சுட்டிய விரலை, இனி மடக்கிக்கொள்வது நலம்.

ஒரு கிராமமும் ஒரு பள்ளிக்கூடமும்

இக்கதைகளையெல்லாம் விலக்கிவிட்டுப் பார்த்தால் தெரிவது என்ன? வங்காளதேச அணி எங்ஙனம் உருவாயிற்று என்னும் எளிய வரலாறு தெரிகின்றது.

மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலய மலையடிவாரத்துக்கு அருகே, கல்சிந்தூர் என்னும் சிற்றூர். 2011இல் அந்நாட்டரசு தொடக்கப்பள்ளிச் சிறுமியருக்கென நாடளாவிய கால்பந்தாட்டப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. அவ்வூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிறுமியரைச் சேர்த்துப் பழக்கினர். 2013இல் அப்பள்ளி நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அச்சிறுமியரின் வெற்றிக்குப் பின்னரே அவ்வூருக்கு மின்சாரம் வந்தது என்பார்கள். சஞ்சிதா அக்தரும் மாரியா மாண்டாவும் ஷம்சுன்னாஹரும் அங்கிருந்து வந்தவர்கள். இவர்களும் பிற மாவட்டங்களிலிருந்து வந்த தோழியரும் ஒரே இடத்தில் தங்கி ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி பெற்றனர். பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் 2016இல் ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றனர். அடுத்த ஆண்டு டாக்காவில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் தெற்காசியக் கோப்பையை, இந்தியாவை வென்று கைப்பற்றினர். 2022இல் காத்மாண்டுவில் நாம் கண்டது, பத்தாண்டுக் காலம் முதிர்ந்த விளைச்சல். முஸ்லிம்கள், இந்துக்கள், மலைநாட்டுச் சக்மா மக்கள், காரோ இனத்தவர் எனப் பலரும் அவ்வணியில் இருந்தனர். 2025 ஜூலையில் அவ்வணி ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. அதே மாதத்தில் இந்தியாவும் தாய்லாந்தை 2–1 என வென்று தகுதி பெற்றது.

இதில் அற்புதம் ஏதுமில்லை. பத்து வயதில் பந்தைத் தொட்ட சிறுமி, இருபது வயதிலும் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்க விடப்பட்டாள். அது ஒன்றே நடந்தது. எதிர்ப்பும் இல்லாமலில்லை. 2025 ஜனவரியில்கூட அந்நாட்டின் ஜோய்ப்பூர்ஹாட் மாவட்டத்தில் பெண்கள் ஆடவிருந்த மைதானத்தின் வேலியை மார்க்கத்தின் பெயரால் சிலர் உடைத்தெறிந்து ஆட்டத்தை நிறுத்தினர். ஆப்கானிஸ்தானத்தின் மகளிர் 2010, 2012 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளில் ஆடியவர்கள். 2021க்குப் பின் தம் நாட்டில் ஆடும் உரிமையையே இழந்தனர். பாகிஸ்தான் மகளிரோ நிர்வாகச் சண்டைகளினால் எட்டாண்டுகள் ஒரு பன்னாட்டு ஆட்டமும் இல்லாதிருந்து, 2022இல் மீண்டு வந்து மாலத்தீவை ஏழு கோல்களால் வென்றனர். கதவு திறப்பதும் மூடுவதும் எவ்வளவு விரைவில் நிகழக்கூடும் என்பதற்கு இவையெல்லாம் பாடங்கள்.

நம் மாவட்டத்தின் கடன்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிக் கடன் உண்டு. கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாள்களில், பாலினச் சோதனை என்னும் பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய அந்தரங்கம் உலகச் செய்தியாயிற்று. பின்னொரு காலத்தில் அவரும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. அதன் பின்னும் அவர் படித்து, பயிற்சியாளராகி, சிறுவர் சிறுமியருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். அவருடைய ஓட்டத்தைப் பற்றி, இறுதி நூறு மீட்டரில் அவர் எடுத்த வேகத்தைப் பற்றி, நம் மாவட்டத்தில் எத்தனை பேர் பேசியிருப்போம்? அவருடைய உடலைப் பற்றிப் பேசாதவர் எத்தனை பேர்? ஈரானியப் பெண்ணின் தலைத்துணி, திரைப்படத்தில் வரும் பெண்ணின் பருமன், சாந்தியின் பரிசோதனைத் தாள் ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று குறிகள். பெண் ஓடும்போது உலகம் ஓட்டத்தை விட்டுவிட்டு உடலை விசாரிக்கின்றது.

என் சகோதரி மகளிடம் வருகிறேன். ஒன்பதாம் வகுப்புவரை அவள் பள்ளி அணியில் பின்வரிசையில் ஆடினாள். தைல மரக் காட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் இடையே, கல்லும் முள்ளுமான ஓர் இடத்தில்தான் பயிற்சி. பிறகு நின்றுவிட்டாள். நின்றதற்குக் காரணம் கேட்டால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வர். அவளுடைய அத்தா, "பொழுது சாய்ந்து தனியே வர வேண்டியிருக்கிறது" என்பார். அவருடைய சகோதரி, "கற்றுக்கொடுப்பவர் ஆண் வாத்தியார்" என்பார். என் சகோதரி, "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால்?" என்பாள். முதலிரண்டும் உண்மையான இடர்கள். ஆனால் தீர்க்கக்கூடியவை. பயிற்சியைப் பள்ளி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். நான்கு பெண்கள் சேர்ந்து வரலாம். பெண் ஆசிரியை வேண்டுமென்று பெற்றோர் கூடி விண்ணப்பிக்கலாம். முழுக்கைச் சட்டையும் நீண்ட கால்சட்டையும் தலைத்துணியும் அணிந்து ஆட இன்று விதியில் தடையில்லை. மூன்றாவது காரணத்துக்கு மட்டும் தீர்வு நம் உள்ளத்தில் இருக்கின்றது. அதனை வேறெவரும் வந்து தர முடியாது.

நான் அப்பொழுது என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அவளை ஒருநாள்கூட மைதானத்துக்குச் சென்று பார்த்ததில்லை. ஆடவிடுங்கள் என்று சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. பேசாதிருந்ததும் ஒருவகைத் தீர்ப்பே என்பதை இப்பொழுது உணர்கிறேன்.

அன்று காத்மாண்டு ஆட்டம் முடியும் தறுவாயில் நான் அவளிடம், "எனக்கு ஒன்றும் புரியவில்லையே அம்மா, எல்லாரும் ஒரே பந்தின் பின்னால் ஓடுகிறார்கள்" என்றேன். அவள் முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "பந்து வைத்திருக்கிற பெண்ணைப் பார்க்காதீர்கள், மாமா. பந்து இல்லாத பெண் எங்கே ஓடுகிறாள் என்று பாருங்கள். அவள் ஓடுகிற இடத்துக்குத்தான் அடுத்த பந்து வரும்" என்றாள்.

பார்த்தேன். அதுவரை வெறும் கூட்டமாகத் தெரிந்தது, அப்பொழுதுதான் ஆட்டமாகத் தெரிந்தது. செய்தித்தாளிலும் திரைப்படத்திலும் திண்ணையிலும் கிடைக்காத திறனாய்வை, ஆட்டத்தை விட்டு ஓராண்டான ஒரு பெண்ணிடம் கேட்டேன். வரும் கோடை விடுமுறையில் நம் ஊர்ப் பெற்றோர் சிலரைக் கூட்டி, பெண் பிள்ளைகளுக்கென ஒரு மைதானமும் ஓர் ஆசிரியையும் வேண்டி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதாக இருக்கிறோம். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவள் அவளே, முதற்கையெழுத்து என்னுடையது.